யாலவில் ஆண் சிறுத்தையை 'இவன் யார்' என்று சொல்லித் தரும் ஜீப் சேவை: இரண்டு இடத்தில் காசு கொடுத்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையின் யால தேசியப் பூங்காவுக்குப் போனால் சிறுத்தை பார்க்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் இதை வாசிக்கத் தேவையில்லை, அநேகமாகப் பார்க்கலாம், போய்விட்டு வாருங்கள். 979 சதுர கிலோமீட்டர் பூங்காவில் எல்லோரும் போய் நிறைவது ஒன்றாம் பிளொக் என்கிற, ஏறக்குறைய 141 சதுர கிலோமீட்டர் துண்டில்தான். அந்தத் துண்டில் சிறுத்தைகள் இருக்கிற நெருக்கம் உலகத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. நான் எழுத வந்தது வேறொரு சேவையைப் பற்றி. பார்த்த சிறுத்தை யார் என்று சொல்லித் தருகிற சேவை. இது ஆண், இவன் இன்னான், போன வருடம் அந்தப் பாறையில் கிடந்தவனும் இவனும் ஒன்று என்று சொல்வதற்குத் தனிக் காசு வாங்குகிறார்கள். நான் இரண்டு இடத்தில் கொடுத்தேன். ஒன்று முழு வீண். மற்றதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

இரண்டு பேரின் பெயரையும் போடவில்லை. முதலாமவரைத் திட்டப்போகிறேன், அது அவர் பிழைப்பு. இரண்டாமவர் தானே வேண்டாம் என்றார், இருக்கிற கூட்டத்துக்கே பதில் சொல்லி முடியவில்லையாம்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையையும் சொல்ல வேண்டும். போன வருடம் ஜூன் மாதம் குடும்பத்தோடு சும்மா ஒரு சுற்றுப் போனோம். பாலைப்பழக் காலம். எல்லோரும் கரடிக்காகப் பாலை மரங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மரத்தில் கரடிக்குப் பதிலாகச் சிறுத்தை கிடந்தது. கிளையில் வயிற்றை வைத்து, காலை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, வெயிலில் காயப்போட்ட பாய் மாதிரி. இளம் ஆண். ஆண் என்பது எனக்கே தெரிந்தது, பின்பக்கம் எங்களைப் பார்த்துத்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் இறங்கிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், வலது தோளுக்குப் பின்னால் மூன்று புள்ளிகள், மேலே ஒன்று, கீழே இரண்டு, அச்சடித்த மாதிரி ஆய்த எழுத்து. மற்றவையெல்லாம் வழக்கமான பூ வடிவம், நடுவில் கருமஞ்சள், சுற்றிவரக் கறுப்பு. இந்த மூன்று மட்டும் முழுக் கறுப்புப் பொட்டு.

மகள் உடனே 'ஆயுதம்' என்று பெயர் வைத்துவிட்டாள். ஆய்தம் என்று எத்தனை முறை திருத்தினாலும் கேட்கவில்லை, பல்லும் நகமும் உள்ள பிராணிக்கு ஆயுதமும் பொருந்தத்தான் செய்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். மனைவிக்குத்தான் பயம். சிறுத்தைக்குச் சிங்களத்தில் கொட்டியா, 1956இல் விலங்கியலாளர் தெரணியகல வைத்த விஞ்ஞானப் பெயரிலேயே கடைசியில் 'கொட்டியா' இருக்கிறது, ஆனால் இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு முப்பது வருடம் வேறு அர்த்தமும் இருந்தது. மட்டக்களப்புத் தமிழன் ஒருவன் பூங்கா வாசலில் நின்று கொட்டியா, ஆயுதம் இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்லவேண்டாம் என்பது அவள் புத்திமதி. நியாயம்தான்.

முதல் சேவை. திஸ்ஸமகாராமையில் நாங்கள் தங்கிய இடத்தில் ஒழுங்கு செய்து தந்தார்கள். தனித்தனி ஆண்களைத் தேடிக் காட்டுவோம், ஒவ்வொன்றையும் எங்களுக்குப் பெயரோடு தெரியும் என்று விளம்பரம். சாதாரண ஜீப்புக்கு வாங்குவதைவிட நன்றாகவே கூட வாங்கினார்கள். விடிய முன்னமே பலடுபான வாசலில் வரிசை, ஆறு மணிக்குத் திறந்ததும் எல்லோரும் பாய்ந்தோம். எங்கள் ட்ரைவர் ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன். யாருக்காவது சிறுத்தை கிடைத்தால் இவருக்கு அழைப்பு வரும், இவர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடுவார். தேடுவது என்ற ஒன்று நடக்கவே இல்லை. வேப்பந்தெனியப் பாறையில் முப்பது நாற்பது ஜீப்புக்குப் பின்னால் நின்று, தூரத்தில் ஒரு முதுகைக் காட்டி, யாலவில் பெயர்பெற்ற பெரிய ஆண் ஒன்றின் பெயரைச் சொன்னார். சரி. பின்னேரம் கடற்கரைப் பக்கம் பற்றைக்குள் இன்னொன்று கிடைத்தது, அதற்கும் அதே பெயர். காலையில் பார்த்த இடம் எங்கே, இது எங்கே, வெயிலுக்குள் இவ்வளவு தூரம் நடந்து வந்ததா என்று கேட்டேன். ஆண்தானே, நடக்கும் என்றார்.

அன்றிரவு அறையில் படத்தைப் பார்த்தேன். பின்னேரத்துச் சிறுத்தை பெண். வேண்டுமென்று குறை பிடிக்கவில்லை, வாலைத் தூக்கி நடக்கிற படமே இருக்கிறது, ஆணுக்கு இருக்கவேண்டியது அங்கே இல்லை. அது தெரியாவிட்டாலும் தலையையும் கழுத்தையும் பார்த்தாலே போதும். வளர்ந்த ஆணுக்குத் தலை அகலம், கழுத்து தடிப்பு, வயது ஏற ஏறத் தொண்டைக்குக் கீழே மாட்டுக்கு இருப்பதுபோலத் தோல் தொங்கும். எங்கள் நாட்டுச் சிறுத்தையில் ஆணின் சராசரி எடை 56 கிலோ, 77 கிலோ வரை நிறுத்திருக்கிறார்கள், பெண் 29 கிலோ அளவுதான். அதாவது இரண்டு பெண்ணைச் சேர்த்தால் ஒரு ஆண். இந்த வித்தியாசம் தெரியாத ஒருவர் ஆண்களைப் பெயரோடு தெரியும் என்று காசு வாங்குகிறார். அடுத்த நாள் காலை பெரிதாக எதுவும் சொல்லவில்லை, மிச்சக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன், ஆனால் பஸ்ஸில் முழு வழியும் மனதுக்குள் கதைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது ஆளைப் படம் எடுக்கிற நண்பர் ஒருவர் சொன்னார். போன் செய்து, போன வருடம் ஒரு ஆணைப் படம் பிடித்தேன், அதைத் திரும்பவும் தேடவேண்டும் என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "வலதா, இடதா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். சிறுத்தையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. வலது விலாவின் கோலம் வேறு, இடது விலாவின் கோலம் வேறு. வலது பக்கப் படம் மட்டும் உன்னிடம் இருந்து, நாளைக்கு அது இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நாள் முழுக்கப் படுத்திருந்தால் உன் காசு போச்சு, அதற்குச் சம்மதமா? இப்படிக் கேட்கிற ஜீப்காரரை நான் பார்த்ததில்லை. சம்மதம் என்றேன்.

ஐம்பது வயது இருக்கும். சிங்களவர், கதிர்காமத் திருவிழாக் காலங்களில் கடை போட்டுக் கற்றுக்கொண்ட தமிழ். நான் அவரை அய்யா என்றேன், சிங்களத்தில் அது அண்ணன். அவர் என்னை மல்லி என்றும் தம்பி என்றும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். முன்சீட்டில் ஒரு தடித்த ஃபைல். ஒவ்வொரு ஆணுக்கும் லேமினேட் செய்த ஒரு தாள், மேலே வலது விலா, கீழே இடது விலா, ஒரு மூலையில் முகம், மறு மூலையில் வால் நுனி, பின்பக்கம் கையால் வரைந்த வரைபடத்தில் எங்கெங்கே எந்தத் தேதியில் பார்த்தார் என்ற புள்ளிகள். யால லெப்பர்ட் டயரி என்று படப்பிடிப்பாளர்கள் சிலர் சேர்ந்து சிறுத்தைகளுக்கு இலக்கம் கொடுத்துப் பதிவு வைத்திருக்கிறார்கள், ஆணுக்கு வைஎம், பெண்ணுக்கு வைஎஃப், அதற்குப் பின்னால் எண். அந்தப் பதிவில் இருக்கிற ஆண் என்றால் இவருடைய தாளிலும் அந்த இலக்கம் சிவப்பு மையில் இருக்கும். இல்லாவிட்டால் தான் வைத்த சிங்களப் பட்டப்பெயர்.

முதல் நாள் ஒரு சிறுத்தையும் பார்க்கவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மற்ற ஜீப்புகள் இரண்டு தடவை எங்களைக் கடந்து புழுதியோடு பறந்தன, கண்டிப்பாக எங்கேயோ கிடைத்திருக்கிறது, இவர் அசையவில்லை. போனை அணைத்து டாஷ்போர்டுக்குள் போட்டிருந்தார். ஆனால் அந்த நாளில்தான் நான் அதிகம் படித்தேன். காலையிலேயே மணல் பாதையில் பெரிய காலடி ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் நேற்றைய டயர் அடையாளம், அதன் மேலே காலடி விழுந்திருந்தது, ஆகவே நேற்றுக் கடைசி ஜீப் போன பிறகு நடந்தது. அளவைப் பார்த்தால் பெரிய ஆண். கொஞ்சம் தள்ளிப் பின்னங்காலால் மண்ணைச் சுரண்டிய தடம், அதற்கு மேலே சரிந்த மரத்தில் மூத்திர நாற்றம். வீட்டுக்காரன், என்றார். தனக்கென்று இடம் உள்ள ஆண் இப்படி எல்லாவற்றிலும் எழுதிக்கொண்டு போகும், மரம் அறுக்கிற மாதிரி இருமிக்கொண்டும் போகும். இடம் இல்லாத இளசுகள் சத்தம் போடாமல் ஓரமாகப் போய்விடும், பெரியவன் கண்ணில் பட்டால் அடி.

அப்படியானால் இந்த வீட்டுக்காரன் யார் என்று கேட்டேன். காலடியைப் பார்த்து ஆண் என்று சொல்வேன், ஆள் பேர் சொல்லமாட்டேன் என்றார். இது சின்னப் பேச்சு இல்லை. இந்தியாவில் பல பத்து வருடங்களாகப் புலிகளைக் காலடி அச்சு எடுத்துத்தான் எண்ணினார்கள், ஒவ்வொரு புலியின் அடியும் தனி என்ற நம்பிக்கையில். தாளில் புலி இருந்துகொண்டேயிருக்க, 2005 அளவில் சரிஸ்காவில் போய்ப் பார்த்தால் ஒரு புலியும் மிச்சமில்லை. அதற்குப் பிறகுதான் அந்த முறையைக் கைவிட்டு, தானியங்கிக் கமராவில் விழும் வரிகளை வைத்து எண்ணத் தொடங்கினார்கள். சிறுத்தை ஆய்வுக்காரர்களும் அதே வழிதான், ஒரே பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு கமரா கட்டுவார்கள், நடுவால் போகிற மிருகத்தின் இரண்டு விலாவும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. அது எந்தப் பக்கத்தைக் காட்ட விரும்புகிறதோ அந்தப் பக்கம்.

மத்தியானம் பட்டணங்கலக் கடற்கரையில் இறங்கிச் சாப்பிட்டோம், பூங்காவுக்குள் இறங்க விடுகிற சில இடங்களில் அது ஒன்று. சுனாமியில் போன பங்களாவின் அத்திவாரம் இன்னும் கிடக்கிறது, செத்தவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னமும் உண்டு. சாப்பாடு இந்தச் சேவையின் மிக மோசமான பகுதி. காய்ந்த பாண், பருப்பு, ஒரு சம்பல், முட்டை ஒன்று. தேத்தண்ணி மட்டும் நன்றாக இருந்தது. அவர் அங்கே வைத்துத் தன் முறையைச் சொன்னார், நான் என் அம்மம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவ உகந்தையிலிருந்து குமண, யால காடுகளுக்குள்ளால் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை நடந்தவ. யானையை யானை என்று சொல்லமாட்டா, பிள்ளையார் என்பா. புலியைப் பற்றிக் கேட்டால் வாயைப் பொத்துவா. அய்யா சிரித்தார். அவருக்கும் பழக்கம் அப்படித்தானாம், காட்டுக்குள் நிற்கும்போது ஒன்றின் பட்டப்பெயரைச் சொல்ல மனம் வராது, தாளை மட்டும் விரலால் தட்டிக் காட்டுவார். நம்பிக்கையா விளையாட்டா என்று கேட்கவில்லை.

அவருடைய முறை இதுதான். முதலில் ஆணா பெண்ணா. பிறகு வயது, வளர்ந்ததா, இன்னும் தாயை விட்டுப் பிரிந்த புதிதா. பிறகுதான் இடம், ஆனால் இடம் சந்தேகம் மட்டும், சாட்சி இல்லை. இந்தப் பாறை இவனுடையது என்று பழக்கத்தில் சொல்லிவிட்டால் அங்கேதான் பிழை வரும், ஏனென்றால் வயதான ஆணை இளையவன் துரத்திவிட்டு அதே பாறையில் வந்து படுத்திருப்பான், ஜீப்காரர்கள் ஆறு மாதத்துக்குப் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். (என் முதல் ட்ரைவர் ஞாபகம் வந்தது.) காது கிழிசல், முகத் தழும்பு இவற்றையும் நம்பமாட்டார். ஆண்கள் சண்டை பிடிக்கும், நேற்று இல்லாத கிழிசல் இன்று இருக்கும். புள்ளி மட்டும்தான் குட்டியில் வந்தது கடைசி வரை நிற்கும், உடம்பு வளரப் புள்ளியும் பெரிதாகும், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிற ஒழுங்கு மாறாது.

தென்னாபிரிக்காவில் மீசைக்கு மேலே இருக்கிற புள்ளியை எண்ணித்தான் அடையாளம் சொல்வார்கள், ஒரு கன்னத்தில் மூன்று, மறு கன்னத்தில் இரண்டு என்று, அதுபோல ஏன் செய்வதில்லை என்று நான் படித்ததை எடுத்துவிட்டேன். அதற்கும் பதில் இருந்தது. மூன்றுக்கு இரண்டு எத்தனை சிறுத்தைக்கு வரும்? அங்கே கிட்டப் போய்ப் பார்க்கலாம், இங்கே பாதையை விட்டு இறங்கக்கூடாது, பாறையில் கிடக்கிறதன் மீசையை எந்தக் கமராவில் எண்ணப்போகிறாய்? முகம் தெளிவாகக் கிடைத்தால் அவரும் பார்க்கிறார், அது உதவிக்கு மட்டும்.

இரண்டாம் நாள். ஏழு மணி இருக்கும், மரத்தின் மேலிருந்து மந்தி கத்தியது. மயில் கத்தினால் இவர் திரும்பியும் பார்ப்பதில்லை, மயில் எதற்கும் கத்தும். புள்ளிமான் கத்தினால் நிறுத்துவார். மந்தி கத்தினால் இயந்திரத்தையே அணைத்துவிடுவார், மேலே இருந்து பார்க்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்று. ஐந்து நிமிடம் கழித்துப் பற்றையிலிருந்து வந்தது. நான் இதுவரை பார்த்ததில் பெரிது. தொண்டைத் தோல் ஆடிக்கொண்டு, எங்கள் ஜீப்பை ஒரு கல்லைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு, பாதையோரமாகப் போய், பாறையில் ஏறிப் படுத்தது. இடது பக்கம் எங்களுக்கு. என்னிடம் இருப்பது வலது.

நாற்பது நிமிடம். இதற்குள் செய்தி பரவி ஜீப்புகள் குவிந்துவிட்டன, ஒன்று பின்னால் வந்து எங்களை இடிக்காத குறை, யாரோ பிஸ்கட் பக்கெற்றைக் கசக்கிக் கசக்கித் தின்றார்கள். சுற்றியிருந்த ட்ரைவர்கள் தங்கள் ஆட்களுக்குப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள், என் காதில் மட்டும் மூன்று வேறு வேறு பெயர் விழுந்தது. நான் அய்யாவைப் பார்த்தேன். "தெரியாது" என்றார். ஃபைலைத் திறக்கவும் இல்லை. கிடக்கிற கோணத்தில் விலா மடிந்திருக்கிறது, எழும்பட்டும் என்றார். சுற்றிவர எல்லோரும் பெயர் சொல்லும்போது, காசு வாங்கிய ஆளிடம் தெரியாது என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எழும்பியது. சோம்பல் முறித்தது, இறங்கி, இரண்டு ஜீப்புக்கு நடுவால் பாதையைக் கடந்து மற்றப் பக்கக் காட்டுக்குள் போனது. வலது பக்கம் நாலைந்து விநாடி. விரலை எடுக்காமல் அழுத்தினேன். கமராத் திரையில் பார்த்தால், தோளுக்குப் பின்னால், மூன்று கறுப்புப் பொட்டு, மேலே ஒன்று, கீழே இரண்டு.

நான் கத்தியேவிட்டேன். அய்யா ஒன்றும் பேசாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய், ஆள் இல்லாத ஒரு வீரை மர நிழலில் நிறுத்தினார். என் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவரும் அந்த மூன்று புள்ளியைக் கண்டார், அவர் பாஷையில் அது அடுப்புக்கல். எங்கள் ஊரிலும் அடுப்புக்கு மூன்று கல்தான், எனக்கு எழுத்துத் தெரிந்த இடத்தில் அவருக்கு அடுப்புத் தெரிந்திருக்கிறது. "தம்பி, அடுப்பைப் பார்க்காதே, அடுப்பைச் சுற்றியிருக்கிற வீட்டைப் பார்." அதோடு தோள்பட்டை மோசமான இடமாம், நடக்கும்போது தோல் நழுவும், புள்ளிகள் நெருங்கும் விரியும். அடுப்புக்கல்லில் தொடங்கி விலாவின் நடுப்பக்கமாக ஒவ்வொரு பூவாக எண்ணிக்கொண்டு போனார். பழைய படத்தில் கீழ்க்கல்லுக்கு அடுத்த பூ வால் பக்கம் திறந்திருக்கிறது, லாடம் மாதிரி. புதியதில் அது மூடிய வளையம். அதற்கடுத்து பழையதில் இரட்டைப் பூ ஒட்டியிருக்கிறது, புதியதில் ஒற்றை. மூன்றாவதில் நானே பார்த்துவிட்டேன். வேறு ஆள்.

பிறகுதான் ஃபைலைத் திறந்தார். ஏழெட்டுத் தாள் புரட்டி ஒன்றில் நிறுத்தினார். வலது விலா, அடுப்புக்கல், மூடிய வளையம், ஒற்றைப் பூ, எல்லாம் வரிசையாக விழுந்தது. நாற்பது நிமிடம் பார்த்த இடது விலாவையும் கீழ்ப் படத்தோடு ஒத்துப் பார்த்தார், அதுவும் சரி. நாலு வருடமாகத் தெரிந்த ஆண். பின்பக்க வரைபடத்தில் இன்றைய தேதியோடு ஒரு புள்ளி வைத்தார், முந்தின புள்ளிகள் எல்லாம் அதே சுற்றுவட்டாரம், கடைசிப் புள்ளி மூன்று வாரத்துக்கு முன்னால். வேப்பந்தெனியப் பக்கம் ஒரு புள்ளியும் இல்லை.

இதையெல்லாம் இப்போது கணினி செய்யும்தானே என்று கேட்பீர்கள். செய்யும். ஹொட்ஸ்பொட்டர் என்ற மென்பொருளை 2013இலேயே வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, சிறுத்தை எல்லாவற்றிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், இது மாதிரி இருக்கிறது, இதுவும் மாதிரி இருக்கிறது என்று வரிசைப்படுத்திக் கொடுக்கும். இது அவன்தான் என்று கடைசி முடிவெடுக்கிறது மனிதக் கண். அந்தக் கண் இவருக்கு இருக்கிறது, கணினி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் என் ஆயுதம் எங்கே? ஃபைலில் இருந்த எல்லா ஆண்களின் வலது விலாவையும் பார்த்தோம், நான் ஒரு தடவை, அவர் ஒரு தடவை. இல்லை. அவருக்கு ஆச்சரியமும் இல்லை. பெண் குட்டி அநேகமாகத் தாய்க்குப் பக்கத்திலேயே இடம் பிடிக்கும், ஆண் குட்டி ஒன்றரை, இரண்டு வயதில் வெளிக்கிட வேண்டியதுதான், தகப்பனோ வேறொருவனோ இருக்கவிடமாட்டான். வேறு பிளொக்குக்குப் போயிருக்கலாம், அங்கே இவ்வளவு ஜீப் இல்லை, படம் பிடிக்கவும் ஆள் இல்லை. பக்கத்துப் பூங்காவான லுனுகம்வெஹெரப் பக்கம் போயிருக்கலாம். வேலிக்கு வெளியே போயிருந்தால் பன்றிக்குக் கட்டிய கண்ணி இருக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணித் தோட்டத்துப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படிக் கண்ணியில் மாட்டி, காப்பாற்றிக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது கறுப்பு என்பதால் பத்திரிகையில் வந்தது. மகளிடம் முதல் இரண்டையும்தான் சொல்லியிருக்கிறேன்.

சரி, குறைகள். சீற் பலகை மாதிரி, இரண்டாம் நாள் முடிவில் இடுப்பு என்னுடையதாக இல்லை. சாப்பாடு சொல்லிவிட்டேன், நீங்களே கொண்டுபோங்கள். கார்ட் எடுக்கமாட்டார், காசு மட்டும். கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார், கூட்டுறவுச் சங்கத் தேர்தல் வரைக்கும் போவார். பெரிய குறை ஒன்று இருக்கிறது: அடுத்த ஜீப்புக்குக் கிடைத்த சிறுத்தையைத் துரத்திப் போகவே மாட்டார். ஒரு நாள் மட்டும் லீவு போட்டு, சின்னப் பிள்ளைகளோடு, எப்படியாவது ஒன்றைக் காட்டினால் போதும் என்று வருகிறவர்களுக்கு இவர் சரிவரமாட்டார், முதல் நாள் எங்களுக்கு நடந்த மாதிரி வெறுங்கையோடு திரும்புவீர்கள், பிள்ளைகள் அழும். நீங்கள் முதல் வகை ஜீப்பிலேயே போங்கள், பெயர் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

விலையை எழுதவில்லை, இன்று எழுதினால் இரண்டு மாதத்தில் பிழையாகிவிடும். சாதாரண முழுநாள் ஜீப்பைவிடக் கூட, முதல் ஆள் வாங்கியதைவிடக் குறைவு. பூங்கா டிக்கெட் தனி, வெளிநாட்டுக்காரருக்கு டொலரில், எங்களுக்கு ரூபாயில், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் முன்னமே விசாரித்துக்கொள்ளுங்கள், வாசலில் முகம் சுருங்கும். ஒன்றாம் பிளொக்கை வரட்சிக்கு அநேகமாக செப்டெம்பரில் மூடிவிடுவார்கள், அதையும் பார்த்துத் திகதி எடுங்கள். முடிந்தால் இரண்டு நாள். ஒரு நாளில் ஒரு விலாத்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் கமராவில் பிடித்து ஆள் தேடமுடியாது, குறைந்தது 400 மில்லிமீற்றர் லென்ஸ் உள்ள யாரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நாலரை. அரை சாப்பாட்டுக்கும் சீற்றுக்கும் போனது.

திரும்பும் வழியில் பலடுபான தாண்டி, தேத்தண்ணிக் கடையில் நிறுத்தியபோது என் பழைய படத்தை மூலக் கோப்பாகவே கேட்டு வாங்கிக்கொண்டார், திகதியும் நேரமும் அதில் இருக்கவேண்டுமாம். மூன்று கிழமை கழித்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. புதிதாக லேமினேட் செய்த தாள். மேலே வலது விலா, போன வருடம் ஜூன், பாலை மரம். பெயருக்கு நேரே தமிழில், எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிய மாதிரி, ஆயுதம். கீழே இடது விலாவுக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. மழைக்குப் பிறகு இரண்டு நாள் ஒதுக்கித் தரச் சொல்லியிருக்கிறேன்.